கிட்னியைக் காப்பாற்றிய மருந்தும் மூளையில் வந்த கட்டியும்

1960களின் நடுப்பகுதி. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டு ஒன்றிரண்டு வருடங்கள் ஆன ஒரு நோயாளி. சிறுநீர் நன்றாகப் பிரிகிறது. ரத்தப் பரிசோதனையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கொஞ்ச நாட்களாகத் தலைவலி. பேச்சில் ஒரு தடுமாற்றம். நேற்று நடந்ததை மறந்துவிடுகிறார். ஒரு கையில் பலம் குறைகிறது. பிறகு வலிப்பு. டாக்டர்கள் மூளையில் ஏதோ கிருமி புகுந்துவிட்டது என்று நினைத்து மருந்து கொடுக்கிறார்கள். பலன் இல்லை. இறந்த பிறகு பிரேதப் பரிசோதனை செய்து பார்த்தால் மூளைக்குள் கட்டி! அதுவும் வழக்கமான மூளைக் கட்டி இல்லை. வெள்ளை அணுக்களில் தோன்றும் லிம்போமா என்ற புற்றுநோய்.

இது ஒரு குறிப்பிட்ட மனிதரின் கதை அல்ல. அந்தக் காலகட்டத்தில் உலகின் வெவ்வேறு ஊர்களில், ஒருவரை ஒருவர் அறியாத டாக்டர்கள் சந்தித்த ஒரே மாதிரியான அனுபவம். கிட்னி நன்றாக இருக்கிறது, மனிதர் இல்லை. இது ஏன் நடந்தது என்று கண்டுபிடிக்க சுமார் இருபது வருடம் ஆனது. அந்த இருபது வருடக் கதைதான் இது.

உடம்பின் காவல்காரன்

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் குண்டுவீச்சில் தீக்காயம் பட்டவர்கள் ஏராளம். ஒருவரின் தோலை எடுத்து இன்னொருவருக்கு ஒட்டினால் சில நாட்களில் அது கருகி உதிர்ந்துவிடும். ஏன்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் பீட்டர் மெடாவர் என்ற விலங்கியல் அறிஞர். அம்மை வந்தவருக்கு அம்மைக் கிருமியை உடம்பு நினைவில் வைத்திருப்பது போல, அந்நியத் தோலையும் உடம்பு அடையாளம் கண்டு விரட்டுகிறது என்பதை முயல்களை வைத்துச் செய்த சோதனைகளில் காட்டினார். இந்தத் துறையில் செய்த வேலைக்காக 1960ல் மெக்ஃபர்லேன் பர்னெட்டுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

அப்படியென்றால் உறுப்பு மாற்று சாத்தியமே இல்லையா? ஒரே ஒரு வழி இருந்தது. காவல்காரனுக்கு வித்தியாசம் தெரியாத இடத்தில் முயற்சி செய்வது. 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மரேயின் குழு ரொனால்ட் ஹெரிக் என்பவரின் சிறுநீரகத்தை எடுத்து அவருடைய சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தியது. இருவரும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்கள். ஒட்டிய உறுப்பை உடம்பு தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டது. ரிச்சர்ட் இன்னும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஆனால் எத்தனை பேருக்கு அச்சு அசலாக ஓர் இரட்டைச் சகோதரர் இருப்பார்? மற்றவர்களுக்குக் காவல்காரனைத் தூங்க வைத்தே ஆகவேண்டும். முதலில் எக்ஸ்ரே கதிர்களை உடம்பு முழுவதும் பாய்ச்சிப் பார்த்தார்கள். காவல்காரன் தூங்கவில்லை, செத்தே போனான். பாஸ்டனில் அப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் ஒருவரைத் தவிர யாரும் நீண்ட நாள் பிழைக்கவில்லை. சாதாரணக் கிருமிகளே அவர்களை முடித்துவிட்டன.

மருந்து வந்தது

வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், கெர்ட்ரூட் எலியன் இருவரும் அமெரிக்காவின் பரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தில் 6-மெர்காப்டோபியூரின் என்ற மருந்தை உருவாக்கியிருந்தார்கள். அது குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. 1959ல் ராபர்ட் ஷ்வார்ட்ஸ், வில்லியம் டேமஷெக் என்ற இருவர் இதை முயல்களுக்குக் கொடுத்தபோது, அந்நியப் புரதத்தை எதிர்க்கும் சக்தி முயல்களுக்குக் குறைவதைக் கண்டார்கள்.

இந்தச் செய்தியைப் படித்த இங்கிலாந்தின் இளம் சர்ஜன் ராய் கேன், நாய்களுக்குச் சிறுநீரகம் மாற்றி இதே மருந்தைக் கொடுத்தார். நாய்கள் முன்பைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன. கேன் பாஸ்டனுக்குப் போய் மரேயுடன் சேர்ந்தார். அங்கே அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னும் நல்ல மருந்து கிடைத்தது. அதன் பெயர் அசதையோபிரின். இன்றும் உலகம் முழுவதும் உபயோகத்தில் இருக்கும் மருந்து இது.

அடுத்த படி டென்வரில். கொலராடோ பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்டார்ஸல் என்ற சர்ஜன் அசதையோபிரினுடன் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்தார். 1963ல் அவர் வெளியிட்ட முடிவுகளை மற்ற சர்ஜன்களால் நம்பவே முடியவில்லை. அதுவரை விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்கே நோயாளிகள் பிழைத்திருந்தார்கள். டென்வரில் பெரும்பாலோர் பிழைத்திருந்தார்கள்! இதைப் பார்த்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புதிய மாற்று அறுவை சிகிச்சை மையங்கள் வரிசையாகத் தொடங்கின. 1966ல் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த, லிம்போசைட் வெள்ளை அணுக்களை அழிக்கும் சீரமும் டென்வரில் சேர்ந்தது.

ஆக, காவல்காரனைக் கொல்லாமல் தூங்கவைக்கும் வித்தை கைக்கு வந்துவிட்டது. அவன் தூங்கும்போது வீட்டில் வேறு யார் எழுந்துகொள்வார்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

எதிர்பாராத கட்டிகள்

1968ல் இரண்டு முக்கியமான அறிக்கைகள் வந்தன. ஒன்று நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து. சிறுநீரகம் மாற்றி, அசதையோபிரினும் பிரெட்னிசோனும் சாப்பிட்டு வந்தவர்களிடம் 'ரெட்டிகுலம் செல் சார்கோமா' தோன்றியதாகப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். இன்று அந்தப் பெயர் வழக்கில் இல்லை. அன்று அப்படி அழைக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை இன்று லிம்போமா என்று அழைக்கப்படுகின்றன.

இன்னொன்று பாஸ்டனிலிருந்து. நுரையீரல் புற்றுநோய் இருந்த ஒருவரின் சிறுநீரகம், அது தெரியாமல், வேறொருவருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. சிறுநீரகத்தோடு புற்றுநோய்ச் செல்களும் சேர்ந்து வந்துவிட்டன. டாக்டர்கள் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளை நிறுத்தினார்கள். உடம்பு விழித்துக்கொண்டு சிறுநீரகத்தை நிராகரித்தது. கூடவே புற்றுநோயையும் நிராகரித்தது! இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசிப் பகுதியில் இது திரும்ப வரும்.

டென்வரில் ஸ்டார்ஸலின் குழுவில் தென் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இஸ்ரேல் பென் என்ற சர்ஜன் இருந்தார். தங்கள் நோயாளிகளிடமே இத்தகைய கட்டிகள் வருவதை அவரும் பார்த்தார். அவர் செய்த காரியம் மிக எளிமையானது. ஒரு பதிவேடு திறந்தார். உலகில் எங்கே மாற்று உறுப்பு பெற்றவருக்குப் புற்றுநோய் வந்தாலும் விவரங்களை அனுப்புங்கள் என்று மற்ற சர்ஜன்களைக் கேட்டுக்கொண்டார். 1968ல் தொடங்கியது அந்த வேலை. இணையமும் ஈமெயிலும் இல்லாத காலம். எல்லாம் தபாலில்.

இது சாதாரண விஷயம் இல்லை என்பதை யோசித்துப் பார்த்தால் புரியும். புதிதாகப் பிறந்த ஒரு மருத்துவத் துறை. ஏற்கெனவே 'இதெல்லாம் தேவையா?' என்று கேட்பவர்கள் ஏராளம். அந்த நேரத்தில் 'எங்கள் சிகிச்சையால் புற்றுநோய் வருகிறது போலிருக்கிறது' என்று அந்தத் துறையைச் சேர்ந்தவர்களே கணக்கெடுத்து வெளியிடுவது என்றால் அதற்குத் துணிச்சல் வேண்டும். பென்னும் ஸ்டார்ஸலும் அடங்கிய குழு 1969ல் இதைப் பகிரங்கமாக எழுதியது. பென் பிறகு சின்சினாட்டி நகருக்கு மாறியபோது பதிவேடும் அவரோடு போனது. 1999ல் அவர் இறந்த பிறகு அதற்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

பதிவேடு நிரம்ப நிரம்ப ஒரு விசித்திரம் தெரிந்தது. வந்த லிம்போமாக்களில் பல, மூளையில் இருந்தன. சாதாரண மக்களிடம் லிம்போமா நிணநீர் முடிச்சுகளில்தான் பெரும்பாலும் தொடங்கும். மூளையில் மட்டும் தொடங்கும் லிம்போமா மிக அபூர்வம். ஒரு நரம்பியல் மருத்துவர் தன் வாழ்நாளில் ஒன்றிரண்டு பார்த்தால் அதிகம். ஆனால் மாற்றுச் சிறுநீரகம் பெற்ற சில ஆயிரம் பேரிடம் அது திரும்பத் திரும்ப வந்தது. டென்வரின் ஸ்டூவர்ட் ஷ்னெக்கும் பென்னும் 1971ல் லான்செட் இதழில் இதைத் தனியாகவே எழுதினார்கள்.

தற்செயலாக இருக்கலாமே என்ற கேள்விக்கு 1973ல் பதில் கிடைத்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ராபர்ட் ஹூவர், ஜோசப் ஃப்ரௌமெனி இருவரும் சிறுநீரகம் மாற்றிக்கொண்ட 6,297 பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். லிம்போமா வரும் ஆபத்து சாதாரண மக்களைவிட சுமார் 35 மடங்கு. ரெட்டிகுலம் செல் சார்கோமா என்ற வகையை மட்டும் எடுத்தால் 350 மடங்கு! இனி யாரும் தற்செயல் என்று சொல்ல முடியாது.

ஏன் மூளை?

அப்போது ஒரு கொள்கை பிரபலமாக இருந்தது. நம் உடம்பில் தினமும் புற்றுநோய்ச் செல்கள் தோன்றிக்கொண்டே இருக்கின்றன, நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றை உடனுக்குடன் கண்டுபிடித்து அழிக்கிறது என்பது. மெக்ஃபர்லேன் பர்னெட்டும் லூயிஸ் தாமஸும் 1950களின் இறுதியில் சொன்னது இது. மாற்று உறுப்பு நோயாளிகளுக்குப் புற்றுநோய் வந்ததும், 'பார்த்தீர்களா, காவல் போனதும் புற்றுநோய் வந்துவிட்டது' என்று பலரும் சொன்னார்கள்.

ஆனால் கணக்கு முழுதாகப் பொருந்தவில்லை. அந்தக் கொள்கை அப்படியே சரி என்றால் எல்லாப் புற்றுநோயும் ஒரே மாதிரி கூடியிருக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய் அப்படிக் கூடவில்லை. லிம்போமாதான் எகிறியது. காவல்காரன் எல்லாத் திருடர்களையும் தடுத்துக்கொண்டிருக்கவில்லை. குறிப்பிட்ட ஒரு திருடனைத்தான் தடுத்துக்கொண்டிருந்தான் என்று தோன்றியது. அந்தத் திருடன் யார்?

அதற்கு முன் மூளையைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே மீண்டும் பீட்டர் மெடாவர் வருகிறார். 1948ல் அவர் ஒரு முயலின் தோல் துணுக்கை இன்னொரு முயலின் மூளைக்குள் வைத்துப் பார்த்தார். வேறு இடத்தில் வைத்தால் சில நாட்களில் அழிந்துபோகும் அந்தத் துணுக்கு, மூளைக்குள் பிழைத்துக்கொண்டது. மூளையில் காவல் குறைவு என்று தெரிந்தது. ஆனால் அந்தப் பரிசோதனையில் இரண்டாவது பாதியும் உண்டு. முயலின் உடம்பில் வேறெங்காவது முன்பே அதே முயலின் தோலை ஒட்டி, எதிர்ப்பு சக்தியை உசுப்பிவிட்டிருந்தால், மூளைக்குள் இருந்த துணுக்கும் அழிந்துபோனது.

அதாவது, மூளையில் உள்ள ஊர்க்காவல் தானாக விழித்துக்கொள்ளாது. வெளியில் விழித்த காவலர்கள் உள்ளே வந்து வேலையை முடிக்க முடியும். 2015ல் மூளையைச் சுற்றிய உறைகளில் நிணநீர் நாளங்கள் இருப்பது எலிகளில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, மூளை முழுக்கத் தனித்தீவு என்ற பழைய எண்ணம் இன்னும் மாறிவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் உண்மை. உடம்பு முழுவதும் காவலைக் குறைத்தால், ஏற்கெனவே காவல் குறைவாக உள்ள வீடுதான் முதலில் மாட்டிக்கொள்ளும்.

ஒரு வைரஸின் கதை

திருடனின் அடையாளம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. உகாண்டாவில் வேலை பார்த்த டெனிஸ் பர்க்கிட் என்ற சர்ஜன், குழந்தைகளின் தாடையில் வேகமாக வளரும் ஒரு கட்டியைப் பற்றி 1958ல் எழுதினார். 1961ல் லண்டனில் அவர் பேசியதைக் கேட்க வந்தவர்களில் ஒருவர் அந்தோணி எப்ஸ்டீன். இந்தக் கட்டிக்கு ஏதாவது வைரஸ் காரணமாக இருக்குமோ என்று அவருக்குத் தோன்றியது. உகாண்டாவிலிருந்து கட்டித் துண்டுகள் விமானத்தில் வர ஏற்பாடு செய்தார்.

இரண்டு வருடம் ஒன்றும் கிடைக்கவில்லை. 1963 டிசம்பரில் பனிமூட்டத்தால் விமானம் லண்டனுக்குப் பதில் மான்செஸ்டரில் இறங்கியது. தாமதமாக வந்த மாதிரியைச் சுற்றி இருந்த திரவம் கலங்கியிருந்தது. கெட்டுப்போய்விட்டது என்று தூக்கி எறியாமல் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். கட்டியிலிருந்து உதிர்ந்த செல்கள் உயிரோடு மிதந்துகொண்டிருந்தன! அவற்றை வளர்த்து, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது புதிய ஒரு வைரஸ் தெரிந்தது. எப்ஸ்டீன், பெர்ட் அச்சாங், இவான் பார் மூவரும் 1964ல் இதை வெளியிட்டார்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்ற பெயர் அப்படி வந்தது.

ஆப்பிரிக்கக் குழந்தைகளின் வைரஸுக்கும் டென்வர் கிட்னி நோயாளிகளுக்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் வெர்னர், கெர்ட்ரூட் ஹென்லே தம்பதியர் இந்த வைரஸை ஆராய்ந்துவந்தார்கள். அவர்களுடைய ஆய்வகத்தில் வேலை பார்த்த ஓர் இளம்பெண்ணின் ரத்தத்தில் இந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் முதலில் இல்லை. ஒருமுறை அவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்து குணமானது. பிறகு பார்த்தால் எதிர்ப்பொருள் இருந்தது. அவர்களுடைய ஆய்வுகளில் தெரிந்தது: இது எங்கோ ஒரு மூலையில் உள்ள வைரஸ் இல்லை, எல்லா இடத்திலும் இருக்கிறது.

இன்று தெரிந்த கணக்குப்படி உலகின் பெரியவர்களில் 90 சதவீதத்திற்கும் மேற்பட்டவர்களின் உடம்பில் இந்த வைரஸ் இருக்கிறது. எச்சில் வழியாகப் பரவும். சின்ன வயதில் வந்தால் பெரும்பாலும் வந்ததே தெரியாது. ஆனால் போகாது. பி லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களுக்குள் வாழ்நாள் முழுவதும் சத்தமில்லாமல் குடியிருக்கும். அந்த அணுக்களைத் தொடர்ந்து பெருகச் சொல்லித் தூண்டும் வல்லமை அதற்கு உண்டு. டி லிம்போசைட் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் அதைக் கண்காணித்து அடக்கி வைக்கின்றன.

இப்போது புதிர் அவிழ்கிறது. புதிய சிறுநீரகத்தைத் தாக்குபவையும் இதே டி அணுக்கள்தான். மருந்து அவற்றைத்தான் அடக்குகிறது. கிட்னி தப்பிக்கிறது. கூடவே வைரஸும் தப்பிக்கிறது. வைரஸ் குடியிருக்கும் பி அணுக்கள் கேள்வி கேட்பார் இல்லாமல் பெருகுகின்றன. முதலில் வெறும் பெருக்கம். பிறகு அவற்றில் ஒன்று முழுப் புற்றுநோயாக மாறுகிறது. 1980களின் தொடக்கத்தில் மினசோட்டாவில் டக்ளஸ் ஹாண்டோவும் சகாக்களும் சிறுநீரகம் மாற்றியவர்களின் கட்டிகளுக்குள்ளேயே இந்த வைரஸைக் கண்டார்கள்.

புதிய மருந்து, பழைய ஆபத்து

அதற்குள் மருந்தும் மாறிவிட்டிருந்தது. நார்வே நாட்டின் பீடபூமி ஒன்றில் எடுத்த மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் வந்தது. ஸ்விட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் ஜான் ஃப்ரான்ஸ்வா போரெல் அதன் சக்தியைப் பற்றி 1976ல் எழுதினார். ராய் கேன் இப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார். 1979ல் அவர் 34 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார். உறுப்புகள் வியக்கும்படி பிழைத்தன. ஆனால் அந்த 34 பேரில் மூன்று பேருக்கு லிம்போமா. அன்று கொடுத்த அளவு மிக அதிகம் என்பது பிறகுதான் புரிந்தது.

1984 மார்ச்சில் ஸ்டார்ஸலின் குழு (அப்போது அவர் பிட்ஸ்பர்கில் இருந்தார்) லான்செட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டது. சிறுநீரகம், கல்லீரல், இதயம், இதயத்தோடு நுரையீரல் என்று பல உறுப்புகளைப் பெற்றவர்களில் 17 பேருக்கு லிம்போமா அல்லது அதன் முன்நிலை வந்திருந்தது. டாக்டர்கள் புற்றுநோய் மருந்து கொடுப்பதற்குப் பதில் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் குறைத்தார்கள் அல்லது நிறுத்தினார்கள். பலரிடம் கட்டிகள் கரைந்துபோயின! அதைவிட ஆச்சரியம், அவர்களில் பலருக்கு மாற்று உறுப்பும் கையைவிட்டுப் போகவில்லை.

1968ல் பாஸ்டனில் நடந்தது நினைவிருக்கிறதா? காவல்காரனை எழுப்பினால் போதும், புற்றுநோயை அவனே பார்த்துக்கொள்வான். மருத்துவ வரலாற்றில் மருந்தை நிறுத்துவதே புற்றுநோய்க்குச் சிகிச்சையாக ஆன இடங்கள் மிகக் குறைவு. இன்றுவரை இந்த நோய்க்கு முதல் படி இதுதான்.

இன்னொரு சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1981ல் எய்ட்ஸ் நோய் உலகத்துக்குத் தெரியவந்தது. மாற்று உறுப்பும் இல்லை, அசதையோபிரினும் இல்லை. எச்ஐவி டி அணுக்களை அழித்தது, அவ்வளவுதான். அவர்களுக்கும் மூளையில் லிம்போமா வந்தது. கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருந்தது. 1996ல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து டி அணுக்கள் மீண்டதும் அந்த மூளைக் கட்டிகளும் வேகமாகக் குறைந்தன.

மூளை மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல்?

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? உடம்பின் மற்ற பகுதிகளில் ஓரளவு தீர்ந்தது. மூளையில் தீரவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, கண்டுபிடிப்பதே கஷ்டம். 1971ல் சி.டி. ஸ்கேன் வரும்வரை உயிரோடு இருப்பவரின் மூளைக்குள் நேராகப் பார்க்க வழியே இல்லை. இன்று எம்.ஆர்.ஐ. இருக்கிறது. ஆனால் எதிர்ப்பு சக்தி குறைந்தவரின் மூளையில் டாக்ஸோபிளாஸ்மா கிருமியோ பூஞ்சையோ உண்டாக்கும் சீழ்க்கட்டியும், லிம்போமாவும் படத்தில் ஒன்றுபோலத் தெரியும். ஒன்றுக்குக் கொடுக்கும் சிகிச்சை மற்றதைக் கெடுக்கும். மண்டை ஓட்டில் சிறு துளையிட்டு, ஊசியால் திசு எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம். அதற்குமுன் வீக்கம் குறைய ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்போமா தற்காலிகமாகச் சுருங்கிவிடும். எடுத்த திசுவில் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

இரண்டாவது, மருந்து உள்ளே போகாது. ரத்தத்தில் உள்ள பல பொருட்களை மூளைக்குள் விடாமல் தடுக்கும் இயற்கை வேலி ஒன்று உண்டு. பி அணுக்களைக் குறிவைக்கும் ரிடுக்சிமாப் 1997ல் வந்து லிம்போமா சிகிச்சையையே மாற்றியது. ஆனால் அது பெரிய மூலக்கூறு, இந்த வேலியைத் தாண்டி மிகக் குறைவாகவே போகும். அதிக அளவில் கொடுத்தால் தாண்டக்கூடிய மருந்து மெத்தோட்ரெக்சேட். ஆனால் அதை உடம்பிலிருந்து வெளியேற்றுவது சிறுநீரகம்! எந்தச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற இத்தனை பாடுபட்டார்களோ, அதுதான் இந்த மருந்தின் சுமையைத் தாங்க வேண்டும்.

மூன்றாவது, முடிவெடுப்பது. எதிர்ப்பு சக்தியை மீட்க மருந்தைக் குறைத்தால் உறுப்பு போகலாம். சிறுநீரகம் என்றால் திரும்ப டயாலிசிஸ் மெஷினுக்குப் போய் உயிரோடு இருக்கலாம். மூன்று வருடம் மெஷின் இல்லாமல் வாழ்ந்தவருக்கு அது எளிய விஷயமில்லை என்றாலும், ஒரு வழி இருக்கிறது. இதயமோ கல்லீரலோ மாற்றியவருக்கு அந்த வழியும் கிடையாது. எவ்வளவு குறைப்பது, எவ்வளவு வேகமாகக் குறைப்பது என்பதைப் புற்றுநோய் மருத்துவரும் உறுப்பு மாற்று மருத்துவரும் நோயாளியோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

2013ல் பல நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து இப்படி மூளையில் மட்டும் லிம்போமா வந்த 84 பேரின் விவரங்களை வெளியிட்டன. இந்த அபூர்வ நோய்க்கு அது பெரிய எண்ணிக்கை. அவர்களில் 79 சதவீதம் பேர் சிறுநீரகம் பெற்றவர்கள். அறுவை சிகிச்சைக்கும் நோய்க்கும் நடுவில் இருந்த காலம், சராசரிக் கணக்கில் 54 மாதங்கள். கட்டிகளில் 94 சதவீதத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருந்தது. ஹூவரும் ஃப்ரௌமெனியும் கணக்கெடுத்து நாற்பது வருடம் ஆகியும் கதாபாத்திரங்கள் மாறவில்லை.

பாடம் மருந்து டப்பாவில்

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. 2011 ஜூனில் அமெரிக்க அரசு பெலடாசெப்ட் என்ற புதிய மருந்தை, சிறுநீரகம் மாற்றியவர்களுக்குக் கொடுக்க அனுமதித்தது. சோதனைக் கட்டத்திலேயே சிலருக்கு லிம்போமா வந்தது, அதுவும் மூளையில். இந்த முறை யாரும் திகைக்கவில்லை. யாருக்கு வருகிறது என்று உடனே பார்த்தார்கள். முன்பு எப்ஸ்டீன்-பார் வைரஸைச் சந்தித்தே இராதவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம். அவர்களுடைய டி அணுக்களுக்கு அந்தத் திருடனின் முகமே தெரியாது. தானமாக வரும் உறுப்போடு வைரஸும் புதிதாக வரும்போது காவலும் தூங்கிக்கொண்டிருக்கும். எனவே அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது என்ற எச்சரிக்கை, மருந்தின் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடப்பட்டது. 1968ல் பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு தெரிந்தது, 2011ல் மருந்து கொடுப்பதற்கு முன்பே செய்யும் ஒரு ரத்தப் பரிசோதனையாக மாறிவிட்டது.

இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. காவலர்கள் எல்லோரையும் எழுப்பினால் உறுப்புக்கு ஆபத்து. அந்த ஒரு வைரஸை மட்டும் தேடிப் பிடிக்கப் பழகிய காவலர்களை வெளியிலிருந்து அனுப்பினால்? எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்களிடம் 1990களில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் க்ளியோனா ரூனி, ஹெலன் ஹெஸ்லாப் ஆகியோர் இதைச் செய்துகாட்டினார்கள். ஆய்வகத்தில் வளர்த்த, எப்ஸ்டீன்-பார் வைரஸை மட்டும் தாக்கும் டி அணுக்களை நோயாளிகளின் ரத்தத்தில் செலுத்தினார்கள். வேறொருவரின் உடம்பிலிருந்து எடுத்து, வளர்த்து, முன்கூட்டியே சேமித்து வைக்கும் இத்தகைய அணுக்களை 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் மருந்தாகவே அங்கீகரித்தது. மற்றச் சிகிச்சைகள் பலிக்காத நோயாளிகளுக்கு மட்டும். மெடாவரின் முயலில் பார்த்த அதே விஷயம்தான். வெளியில் பயிற்சி பெற்ற காவலர்கள் மூளைக்குள்ளும் போக முடியும்.

ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். இதைப் படித்துவிட்டு மாற்று உறுப்போடு வாழும் யாரும் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மூளை லிம்போமா இன்றும் மிக அபூர்வம். மாத்திரையை நிறுத்தினால் உறுப்பு போவது அபூர்வம் இல்லை. குறைப்பதா வேண்டாமா என்பது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. புதிதாக வந்து விடாமல் நீடிக்கும் தலைவலி, குணத்தில் மாற்றம், பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு, கைகால் பலவீனம் இவற்றை மட்டும் 'வயசாச்சு', 'டென்ஷன்' என்று தள்ளிப்போடாமல், 'எனக்கு உறுப்பு மாற்றியிருக்கிறது' என்ற விவரத்தோடு உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

உறுப்பு மாற்று சிகிச்சையின் வரலாறு என்றால் பெரும்பாலும் முதல் சிறுநீரகம், முதல் கல்லீரல், முதல் இதயம் என்று 'முதல்'களின் பட்டியலாகத்தான் எழுதுவார்கள். அந்தப் பட்டியலில் டென்வரின் அந்தப் பதிவேட்டுக்கு இடம் இருக்காது. அதில் இருந்தவை வெற்றிகள் அல்ல. சிகிச்சை வெற்றி பெற்ற பிறகு இறந்துபோனவர்களின் விவரங்கள். அவற்றை மறைக்காமல் ஒருவர் கேட்டார், பலர் எழுதி அனுப்பினார்கள். அதனால்தான் இன்று ஒருவருக்குச் சிறுநீரகம் பொருத்துவதற்கு முன், 'இவருக்கு எப்ஸ்டீன்-பார் வைரஸ் முன்பே வந்திருக்கிறதா?' என்று ஒரு குழாய் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்.